புலிக்குப் பரிசு, கீறினவனுக்குக் கூலி எங்க?

அனிமேட்டராகப் போறியாம் எண்டு கேள்விப்பட்டன், மகன். நல்ல விசயம். கல்முனைக்குடியில டொக்டர், எஞ்சினியர் கூடிப்போச்சு. கீறின கோட்ட எழுப்பி நடக்க வைக்கிற ஆள்தான் இல்லாம இரிக்கி. உன்ட உம்மாட காப்புல நீ கண் வெச்சிருக்கிறதாயும் கேள்வி. கிராஃபிக்ஸ் கார்ட் என்னமோ வேணுமாமே? வாங்கு, வாங்கு. காப்பு போனா உம்மாட கை லேசாகும், கறி இன்னும் வேகமாக் கிண்டுவா.

லொட்டே ரைனிகர் எண்டு ஒரு ஜேர்மன்காரி. 1926ல ‘இளவரசர் அஹ்மத்’ எண்டு ஒரு படம் வெளியிட்டா. ஆயிரத்தொரு இரவுக் கதை, நம்மட ஆக்கள்ர கதை. அவட கையில இருந்தது கத்தரிக்கோலும் கறுப்பு மட்டையும்தான். உருவங்கள வெட்டிக் கண்ணாடிக்கு மேல வெச்சு, கீழால வெளிச்சம் விட்டு, கொஞ்சம் அசைச்சு ஒரு படம், இன்னும் கொஞ்சம் அசைச்சு இன்னொரு படம். மூண்டு வருசம் இப்பிடி. இண்டைக்கு மிஞ்சியிருக்கிற முழுநீள அனிமேசன் படங்களுக்குள்ள ஆகப் பழசு அதுதான். ஆரும் காப்பு வித்ததா அந்தக் கதையில வரல்ல.

அது பழைய காலம் எண்டு சொல்லுவாய். சரி, 2025ல ஒஸ்கார் எடுத்த ‘ஃப்ளோ’வப் பாரு. லத்வியா எண்ட குட்டி நாட்டுப் பொடியன், கின்ட்ஸ் சில்பலோடிஸ், பிளெண்டர்ல செஞ்ச படம். பிளெண்டர் காசில்லாமக் கிடைக்கிற சாமான். வெள்ளத்துல தோணியேறித் தப்பின ஒரு பூனைட கதை, ஒரு வசனமும் இல்ல. தமிழா சிங்களமா இங்கிலீசா எண்டு மண்டையக் குழப்பத் தேவையில்ல. ஊருக்குள்ள தண்ணி வாறத நமக்கு லத்வியாக்காரனா சொல்லித்தரணும்? 2004 டிசம்பர் 26 சுனாமிய உன்ட உம்மும்மாட்டக் கேளு, ஃபிரேம் ஃபிரேமாச் சொல்லுவா.

கணக்கு ஒண்டு இரிக்கி. செக்கனுக்கு 24 ஃபிரேம். ஒரு கீறல ரெண்டு ஃபிரேமுக்கு நிப்பாட்டினாலும் செக்கனுக்கு 12 கீறல், நிமிசத்துக்கு 720. ஒண்டரை மணித்தியாலப் படத்துக்கு 64,800. நீயோ ஜும்ஆ பயான் முடியிறதுக்குள்ள மூண்டு தரம் போனத் தடவுறாய். பரவாயில்ல, ஆசை நல்ல ஆசைதான்.

கரைவலை இழுக்கிற இடத்துக்கு ஒருநாள் போ. செல்பி எடுக்க இல்ல, பாக்க. பாரக் கயித்த இழுக்கிறவன் கையால இழுக்கிறல்ல. குதி முதல்ல மணலுக்குள்ள புதையும், இடுப்பு பின்னால சாயும், கை கடைசியாத்தான் வரும். நீ அண்டைக்குக் காட்டின படத்துல வலை இழுக்கிறவனுக்குக் கை மட்டும்தான் ஆடிச்சு. அவன் வலை இழுக்கல்ல, ஈ விரட்டினான். இந்தா, நான் கதிரையால எழும்புறதப் பாரு. தலை முன்னால போகும், கை முழங்கால்ல ஊண்டும், ஒரு பெருமூச்சு வரும், பிறகுதான் ஆள் எழும்பும். டிஸ்னியில வேல செஞ்ச ஃபிராங்க் தோமசும் ஒலி ஜோன்ஸ்டனும் 1981ல இப்பிடியான சங்கதிகள 12 விதியாப் புத்தகத்துல போட்டாங்களாம். என்ட முழங்காலுட்ட வந்திருந்தா சும்மாவே சொல்லியிருக்கும்.

வாப்பா பயந்தா ராம் மோகன்ட கதையச் சொல்லு. இரசாயனவியல் படிச்ச மனுசன். 1956ல பம்பாய் ஃபிலிம்ஸ் டிவிசன்ட கார்ட்டூன் பிரிவுல சேந்து, டிஸ்னியில இருந்து வந்த கிளெயர் வீக்ஸிட்ட தொழில் பழகினார். 2014ல பத்மஸ்ரீ. இடையில 58 வருசம் இரிக்கி, அத மட்டும் வாப்பாக்குச் சொல்லாத. இந்தியா தூரம் எண்டா, கமிலஸ் பெரேரா பத்திரிகையில கீறின ‘கஜமன்’ 2023ல நம்மட நாட்டிலயே முப்பரிமாணப் படமா வந்ததச் சொல்லு.

இனிக் கூலிக்கு வாறன். ‘லைஃப் ஆஃப் பை’ பாத்திருப்பாய், பாண்டிச்சேரிப் பொடியனும் புலியும் ஒரே தோணியில. அந்தப் புலி அநேகமான இடத்துல கம்பியூட்டர்ப் புலி. செஞ்ச கம்பனி ரிதம் அண்ட் ஹியூஸ். 2013 பெப்ரவரியில கம்பனி வங்குரோத்து, அதே மாசம் அதே படத்துக்கு ஒஸ்கார். மேடையில விருது வாங்கின பில் வெஸ்டன்ஹோஃபர் கம்பனிட கஷ்டத்தச் சொல்ல வாயத் திறக்க, ‘ஜோஸ்’ சுறாப் படத்து இசையப் போட்டு ஆள இறக்கிட்டாங்க. வெளியில அந்தத் தொழில்காரங்க ஆர்ப்பாட்டம். கரைவலையும் இதே கதைதான், இழுக்கிறது ஊரு, மீன் வலைக்காரனுக்கு. பழைய கதை எண்டு நினைக்காத. 2025 பெப்ரவரியில இதே தொழில் செஞ்ச டெக்னிகலர் கம்பனி விழுந்தப்ப, பெங்களூர்ல இருந்த பிள்ளைகளும் நடுத்தெருவுலதான் நிண்டுச்சு.

அதுக்காகப் போகாத எண்டு சொல்லல்ல. பகல்ல கம்பனிக்குப் புலி செய், இரவுல உன்ட சொந்தக் கதையக் கீறு. அதுல உன்ட பேரும் திகதியும் இரிக்கட்டும். வேல தாறன் எண்டு வாறவன்ட்ட, கையெழுத்துப் போட முதல் சம்பளம் எவ்வளவு, எந்தத் திகதியில எண்டு கேளு. “முதல்ல பேர் வரட்டும் தம்பி, காசு பிறகு பாப்பம்” எண்டு சொன்னான் எண்டா, ஸலாம் சொல்லிட்டு எழும்பி வந்திரு.