கியரு இல்லாத வண்டிக்குக் கியரு வைத்தியம்

வா பேராண்டி, இப்பிடித் திண்ணையில உக்காரு. மூஞ்சி ஏன் வாடிக் கெடக்கு? வண்டி குலுங்குதா? "கியரு இல்லாத வண்டி தாத்தா"ன்னு சொல்லித்தான வாங்கிட்டு வந்த? இல்லாத கியருக்கு எப்பிடிடா சீக்கு வரும்?

கியரு உள்ள இருக்கு அப்பு. நீ மாத்துறதில்ல, அதுவா மாத்திக்கிருது. ஜோசியம் ஒண்ணும் இல்ல, பல்லும் தட்டும் எண்ணெயுந்தான்.

நான் ஏலத்தோட்டத்துக்கு ஆளேத்திக்கிட்டு ஜீப்பு ஓட்டுனவன். லோயர் கேம்ப்பு தாண்டி குமுளி மலை ஏறயில, எந்த வளைவுல எந்தக் கியருன்னு என் காலுக்குத் தெரியும், தலைக்குத் தெரியாது. உனக்கு என்னடான்னா கையில நீல உறை, நெத்தியில டார்ச்சு, செல்லுல அமெரிக்காக்காரன் வீடியோ. வண்டியப் பாக்கப் போறியா, வயித்தக் கிழிக்கப் போறியா?

சரி, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். உன் வண்டியில இருக்கிறது எந்த ஆட்டோமேட்டிக்கு?

முழிக்கிற பாத்தியா. இதுலதான் பாதிப் பயலுக கவுந்துர்றாய்ங்க.

அமெரிக்காக்காரன் 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல்லயே ஹைட்ராமேட்டிக்னு ஒண்ணப் போட்டு வித்தான். அந்த வழியில வந்ததுதான் டார்க் கன்வெர்ட்டர் வண்டியெல்லாம். எண்ணெய்க்குள்ள ரெண்டு விசிறி எதிரெதிரா நிக்கும். இஞ்சின் ஒண்ணச் சுத்தும். அது தள்ளுற எண்ணெயில மத்தது சுத்தும். அங்க எண்ணெய்தான் உசுரு. வீடியோக்காரன் ஆயில் குச்சிய உருவிப் பாக்குறது, செவப்பு ஆயில வடிக்கிறது எல்லாம் அந்த வண்டிக்கு.

நம்மூருல ஓடுறது என்ன? 2014ல மாருதி செலேரியோல ஏஎம்டின்னு ஒண்ணு வந்துச்சு. அதுக்கப்புறந்தான் நம்மள மாதிரி ஆளுக்கும் ஆட்டோமேட்டிக்கு எட்டுச்சு. அதுல கன்வெர்ட்டரும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. சாதாக் கியர் பெட்டி. சாதாக் கிளச்சுத் தட்டு. கிளச்ச மிதிக்கவும் கியர மாத்தவும் மட்டும் உன் கால் கைக்குப் பதிலா ஆக்சுவேட்டருன்னு ஒரு மெஷினு. உள்ள ஊத்துறது மேனுவல் வண்டிக்கு ஊத்துற கியர் ஆயில் மாதிரிதான். மேலத்தெருப் பய ஒருத்தன் அந்த வண்டியில ஆயில் குச்சியத் தேடித் தேடி, கடைசியில "எவனோ களவாண்டுட்டுப் போயிட்டான்"ங்குறான். இல்லாத குச்சிய எவன்டா களவாங்குவான்?

இன்னும் ரெண்டு வகை இருக்கு. ரெண்டு கிளச்சு வச்ச டிசிடி. ஒத்தப்படைக் கியருக்கு ஒரு கிளச்சு, இரட்டப்படைக்கு ஒரு கிளச்சு. அப்புறம் சிவிடி. ரெண்டு கூம்புக் கப்பிக்கு நடுவுல இரும்பு பெல்ட்டு ஓடும், கியருப் படியே கிடையாது. ஒவ்வொண்ணுக்கும் எண்ணெய் வேற. செவப்பா இருந்தா எல்லாம் ஒண்ணுன்னு ஊத்துன, சிவிடி பெல்ட்டு வழுக்கி ஒழுக்கம் கெட்டுப் போகும்.

இப்ப சீக்கக் கண்டுபிடிப்போம். எப்பக் குலுங்குது? ஒண்ணுலருந்து ரெண்டுக்குப் போகயில தலைய லேசா ஆட்டுதா? ஏஎம்டின்னா அது சீக்கில்ல, அதோட நடையே அதான். மாத்துற நேரம் ஆக்சிலேட்டர்ல லேசாக் கால எடு, ஆட்டம் கொறையும். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.

இஞ்சின் மட்டும் உறுமுது, வண்டி நகரலையா? அது சீக்கு. ஏஎம்டியில கிளச்சு தேஞ்சிருக்கும். டார்க் கன்வெர்ட்டர் வண்டியில எண்ணெய் கொறஞ்சிருக்கும், இல்ல உள்தட்டு கருகியிருக்கும். டியில போட்டதும் ரெண்டு எண்ணிக்கை கழிச்சுத்தான் கிளம்புதா? அதுவும் எண்ணெய் பாக்கச் சொல்ற சங்கதிதான். டியிலருந்து ஆருக்குப் போட்டா மட்டும் 'டங்'குன்னு இடிக்குதா? இஞ்சின் மவுண்டு ரப்பரப் பாரு. ரப்பரு கிழிஞ்சதுக்குக் கியர் பெட்டியப் பிரிச்சவன நான் பாத்திருக்கேன். பேட்டரி செத்தாலும் இந்த வண்டி கிறுக்கு பண்ணும். மொதல்ல அதைப் பாரு, காசு கம்மி.

வண்டிக்கு அடியில ஈரமா? அட்டைய விரிச்சு ராத்திரி பூரா விடு. கருப்பா இருந்தா இஞ்சின் ஆயிலா இருக்கலாம். செவப்பா, வழவழன்னு இருந்தா ஆட்டோமேட்டிக்குப் பெட்டி எண்ணெயா இருக்கலாம். நிறமும் இல்ல வழவழப்பும் இல்லைன்னா அது ஏசித் தண்ணி அப்பு. சித்திரை வெயில்ல ஏசியப் போட்டுட்டு அதை மோந்து பாத்து "டிரான்ஸ்மிஷன் லீக்கு"ன்னு அழுதா நான் என்ன செய்ய?

ஸ்கேனரு வேற வாங்கியிருக்கியாக்கும். பி0700ன்னு காட்டுதா? கியர் பெட்டிக் கம்ப்யூட்டர்ல ஏதோ புகார் பதிவாயிருக்குன்னு அர்த்தம். அம்புட்டுத்தான். என்ன புகாருன்னு கூட நிக்கிற இன்னொரு கோடு சொல்லும். அதைப் படிக்காம அழிச்சுட்டு "சரியாப் போச்சு"ங்குறியே, நோட்டீஸக் கிழிச்சா கடன் தீந்துருமா?

உன் சீக்கு எங்க பிறந்துச்சுன்னு நான் சொல்லவா? கார்த்திகை மாசம் குமுளி மலையில. சபரிமலைக்கூட்டம். இரைச்சல் பாலத்துக்கிட்ட பஸ்ஸுக்குப் பின்னாடி நிக்கிற. பிரேக்க மிதிக்கச் சோம்பேறித்தனம். ஆக்சிலேட்டர லேசா அமுக்கியே வண்டியப் பின்னால போகாம நிறுத்துற. ஏஎம்டியும் சில டிசிடியும் அந்த நேரம் பூரா கிளச்சத் தேய்க்குது. நாத்தம் வந்துச்சா? "முன்னாடி லாரி"ன்னு நினைச்சியா? அது உன் காசு கருகுன நாத்தம். கைப்பிரேக்கப் போட்டு நில்லுடா. இறங்கயில டியிலயே விட்டுட்டுப் பிரேக்கையே நம்பாத. மேனுவல் மோடு, எல், எது இருக்கோ அதைப் போடு. இஞ்சினு புடிச்சு நிறுத்தும்.

வழியில நின்னுபோச்சா? ஜீப்பு மாதிரித் தள்ளு ஸ்டார்ட்டு கேக்காது. டார்க் கன்வெர்ட்டர் வண்டிய, இழுக்குற சக்கரம் ரோட்டுல உருளுற மாதிரி டிராக்டர்ல கட்டி இழுத்துட்டுப் போயிராத. இஞ்சின் ஓடுனாத்தான் உள்ள பம்பு எண்ணெய் தள்ளும். இஞ்சின் நின்னா உள்ள எல்லாம் காஞ்சு உரசும்.

"நானே ஆயில் மாத்துவேன்"னு நிக்கிற. மாத்து, வேண்டாங்கல. ஆனா கம்பெனிக்காரன் 'லைஃப் டைம்'னு எழுதியிருக்கானேங்குற. யாரு ஆயுசு? வண்டி ஆயுசா, வாரண்டி ஆயுசா? சூட்டுல வேகுற எண்ணெய் கெடாம எப்பிடி இருக்கும்?

இனிச் சொல்றது டார்க் கன்வெர்ட்டர் வண்டிக்கு. குச்சி இருந்தா மொதல்ல உருவி, நிறத்தப் பாரு, மோந்து பாரு. புது எண்ணெய் மாதுளஞ்சாறு கணக்கா இருக்கும். பழுப்பேறியிருந்தா வயசாச்சு. கருப்பாகி, கருகுன வாடை வந்தா உள்ள தட்டே தேஞ்சிருச்சு, புது எண்ணெய் ஊத்தி உசுரு வராது. வெளுத்த ரோஸ் நிறத்துல நுரை கட்டியிருந்தா ரேடியேட்டர் தண்ணி உள்ள புகுந்திருக்கு, நகத்தாத. அளவு பாக்குறது பெரும்பாலும் வண்டி சூடா, இஞ்சின் ஓடயில. ஹோண்டா மாதிரிச் சிலதுல அணைச்சுட்டுப் பாக்கச் சொல்வாய்ங்க. வண்டியோட வந்த புத்தகம் டாஷ்போர்டுக்குள்ள பாலித்தீன் பை பிரிக்காமக் கெடக்குமே, அதுல எண்ணெயோட பேரும் நம்பரும் இருக்கும். அதே நம்பர வாங்கு.

சமதளம் வேணும். கொத்தனார்ட்ட ரசமட்டம் வாங்கி வச்சுப் பாரு. ஜாக்கியில தூக்குனா இரும்பு ஸ்டாண்டு குடு. ஹாலோ பிளாக்குக் கல்லு அடுக்குன, உன் எழவுக்கு நான் வரணும்.

இப்ப வெவரமானவன் மட்டும் செய்யிற வேலை. வடிக்கிற போல்ட்டத் தொடாத, ஊத்துற போல்ட்ட மொதல்ல கழட்டு. ஏன்? எல்லா எண்ணெயையும் வடிச்சுட்டு மேல் போல்ட்டு துருப்புடிச்சுக் கழராம நின்னா வண்டி எங்கிட்டும் போகாது. வடிஞ்சத அளந்து வையி, அம்புட்டே ஊத்து. ஒரு தடவை வடிச்சா மூணுல ஒரு பங்கு, மிஞ்சுனா பாதிதான் வரும். மிச்சம் கன்வெர்ட்டருக்குள்ள தங்கிரும். "எண்ணெயக் களவாண்டுட்டாய்ங்க"ன்னு கடைக்காரன்ட்டச் சண்டைக்குப் போகாத. அடித்தட்டக் கழட்டுனா காந்தம் இருக்கும். அதுல சாம்பல் நிறச் சேறு ஒட்டியிருந்தா நல்லது, வயசுத் தேய்மானம். செதில் செதிலா இரும்பு ஒட்டியிருந்தா திரும்ப மூடி, நேரா விவரம் தெரிஞ்ச மெக்கானிக்குட்டப் போ.

குச்சியே இல்லாத வண்டியில வழியிற போல்ட்டு ஒண்ணு இருக்கும். புத்தகத்துல போட்ட சூட்டுல, இஞ்சின் ஓடயில, அதுல மெல்லிசாச் சொட்டுனா அளவு சரி. அந்தச் சூட்டப் பாக்கத்தான் உன் ஸ்கேனரு. வாங்குனதுக்கு ஒரு வேலையாச்சும் இருக்கட்டும்.

ஏஎம்டி ஆக்சுவேட்டரு எண்ணெய், டிசிடி, சிவிடி? கைய வைக்காத. மாத்துன பிறகு கம்ப்யூட்டருக்கும் புதுசாச் சொல்லிக்குடுக்க வேண்டியிருக்கும். அது உன் செல்லால ஆகாது.

பழைய எண்ணெய என்ன செய்வ? வாய்க்கால்ல ஊத்தலாம்னு பாத்தியா? முல்லையாத்துத் தண்ணிடா அது. கம்பம் பள்ளத்தாக்குல 14,707 ஏக்கரு இருபோகம் குடிக்கிது. மூடி போட்ட கேன்ல ஊத்தி, பழைய ஆயில் எடுக்குற ஒர்க்ஷாப்புல குடு. அந்தக் கேன் எதுன்னு சொல்லிரு, அப்பத்தா கடலெண்ணெய் வாங்கப் போறேன்னு தேடிக்கிட்டு இருக்கா.