பதினைந்தே நாளில் நேபாளத்தைப் படிக்க வைப்பது எப்படி?

பாடம் நடத்தத் தெரியுமா என்று உங்களை யாரும் கேட்கப்போவதில்லை, தைரியமாகக் கிளம்புங்கள். வீட்டுக்குப் பின்னாலிருக்கும் மாநகராட்சிப் பள்ளிக்குப் போனால் பி.எட். முடித்தீர்களா என்பார்கள். நேபாளத்தில் தன்னார்வலர்களை அனுப்பும் ஏஜென்சிக்குப் பணம் கட்டிய ரசீது போதும். இனி சொல்கிறபடி செய்யுங்கள்.

1. அக்டோபரில் போங்கள். வானம் தெளிந்து அன்னபூர்ணா பளிச்சென்று தெரியும். தசைன் பண்டிகைக்குப் பள்ளி பூட்டியிருக்கலாம். அது திறந்து மூச்சு விடுவதற்குள் திகார் விடுமுறை வந்துவிடும். பூட்டிய கேட்டைப் படமெடுத்து, 'இங்கே பள்ளிகள் இயங்குவதே இல்லை' என்று பதிவு போடுங்கள். கல்வியாண்டு ஏப்ரல் நடுவில் தொடங்குகிறது, அப்போது வாருங்கள் என்பார்கள். அப்போது உங்களுக்கு லீவு கிடைக்காதே!

2. இந்தியக் கடவுச்சீட்டு என்றால் விசா வேண்டாம். டொராண்டோ, லண்டன் தமிழர்கள் விமான நிலையத்திலேயே சுற்றுலா விசா வாங்கிக்கொள்ளலாம். அதை வைத்துக்கொண்டு சம்பளமில்லாத வேலைகூடச் செய்யக்கூடாது என்பது சட்டம். அதிகாரி கேட்டால் 'டிரெக்கிங்' என்று சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு நேர்மை பற்றிய பாடத்தை மறுநாள் வைத்துக்கொள்ளலாம்.

3. ஏஜென்சிக்குக் கட்டிய தொகையில் பள்ளிக்கு எவ்வளவு போகிறது என்று கேட்காதீர்கள். நல்ல காரியத்தில் கணக்குப் பார்க்கக் கூடாது.

4. நேபாளி கற்காதீர்கள். 1962இல் வந்த அமெரிக்க பீஸ் கோர் தொண்டர்கள் மொழி படித்து, இரண்டு வருடம் தங்கி வேலை பார்த்தார்கள். பாவம், அவர்களுக்கு இன்ஸ்டாகிராம் இல்லை. அரசுப் பள்ளிகளில் 2003 முதல் ஒன்றாம் வகுப்பிலேயே ஆங்கிலம் உண்டு என்பதைக் காதில் வாங்காமல், எட்டாம் வகுப்பில் 'ஏ ஃபார் ஆப்பிள்' தொடங்குங்கள். சித்வன் பக்கத்துத் தாரு இனப் பிள்ளை வீட்டில் தாரு, பள்ளியில் நேபாளி, அதற்குமேல் ஆங்கிலம் என்று மூன்று மொழியைச் சமாளிக்கிறது. அதனிடம் மெதுவாகவும் சத்தமாகவும் பேசுங்கள். புரியவில்லையா? இன்னும் சத்தமாக.

5. கரும்பலகையில் ஆண்டு இரண்டாயிரத்து எண்பத்துச் சொச்சம் என்று எழுதியிருந்தால் சிவப்புச் சாக்பீஸால் அடித்துத் திருத்துங்கள். விக்கிரம சம்வத், எங்கள் நாட்டு நாட்காட்டி என்று ஏதோ விளக்கம் சொல்வார்கள்; புன்னகையோடு மன்னித்துவிடுங்கள்.

6. இதுதான் முக்கியமான படி, கவனியுங்கள். பத்தாம் வகுப்பையே கேட்டு வாங்குங்கள். ஆண்டு முடிவில் அவர்களுக்கு எஸ்.இ.இ. பொதுத்தேர்வு, முன்பு எஸ்.எல்.சி. என்றிருந்ததே, அதேதான். அறிவியல் ஆசிரியர் மீதமுள்ள பாடங்களை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருப்பார். அவரைக் கடைசி பெஞ்சில் உட்காரச் சொல்லி, அவருடைய பீரியடில் 'ஹெட், ஷோல்டர்ஸ்' பாட்டுக்கு எல்லோரையும் ஆடவையுங்கள். மீசை அரும்பிய பையன்கள் காதைத் தொட்டுக் காட்டுவார்கள். உங்களுக்கு முன்னால் வந்தவர் கற்றுத்தந்த பாட்டுதான் இது, அவருக்கும் முன்னால் வந்தவர் கற்றுத்தந்ததும் இதுவே. பிள்ளைகள் மரியாதை தெரிந்தவர்கள். இப்போதுதான் முதல்முறை கேட்பதுபோல் சிரிப்பார்கள். விட்டுப்போன மின்னியல் பாடத்தை அந்த ஆசிரியர் விடுமுறை நாளான சனிக்கிழமை வந்து நடத்திக்கொள்வார். நீங்கள் அன்று திரிசூலி ஆற்றில் ராஃப்டிங் போங்கள், உழைத்திருக்கிறீர்கள் அல்லவா?

ஆசிரியர்கள் ஓய்வறையில் அவரைப் பார்த்தால், கற்பிக்கும் முறையை மாற்றச் சொல்லி இரண்டு டிப்ஸ் கொடுங்கள். அவர் இருபது வருடமாக இந்த வேலையில் இருக்கலாம். அதனால்தான் புதிய சிந்தனை தேவைப்படுகிறது.

7. படம் எடுக்க யாரிடமும் அனுமதி கேட்காதீர்கள். டை கட்டி, எண்ணெய் தடவித் தலைசீவி, ஷூவைத் துடைத்துக்கொண்டு வரும் பிள்ளைகளைத் தவிருங்கள். பார்த்தால் கோயம்புத்தூர் கான்வென்ட் போலிருக்கும். மூக்கொழுகும் சின்னதாக ஒன்றைத் தேடிப்பிடித்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் யாரோ முன்பின் தெரியாதவர் உங்கள் குழந்தையை இப்படிப் படமெடுத்தால் போலீசைக் கூப்பிடுவீர்கள், அது வேறு விஷயம்.

8. அழுங்கள். அடுத்த வருடம் கட்டாயம் வருவேன் என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் தனித்தனியாகச் சொல்லுங்கள். ஏஜென்சி தளத்தில் பெரு நாட்டுக்கு முன்பதிவுத் தள்ளுபடி இருக்கிறதா என்று பேருந்தில் பார்த்துக்கொள்ளலாம்.

9. கிளம்புமுன் தலைமையாசிரியரிடம் சான்றிதழ் வாங்க மறக்காதீர்கள். அவருக்கு எழுத நேரமிருக்காது, நீங்களே தட்டச்சு செய்து நீட்டுங்கள். 'பள்ளியின் கல்வித்தரத்தை உயர்த்தினார்' என்ற வரி கட்டாயம் இருக்கட்டும். முத்திரை மங்கலாக விழுந்திருந்தால் இன்னொரு தடவை அழுத்திக் குத்தச் சொல்லுங்கள்.