விலை கொடுத்தவனுக்கு உரிமை இல்லையா?

கேள்வி: பணம் கொடுத்து வாங்கிய வீடியோ கேமை, கம்பெனி சர்வரை நிறுத்தியதும் என் மகனால் திறக்கவே முடியவில்லை, ‘நீங்கள் வாங்கியது லைசென்ஸ் மட்டுமே’ என்கிறார்கள். இது எந்த ஊர் நியாயம்?
— ஒரு வாசகர், பாறசாலை

பதில்: எந்த ஊர் நியாயமும் அன்று. களியக்காவிளைச் சந்தையில் விலை பேசி வாங்கிய பலாப்பழத்தை, விற்றவனே நள்ளிரவில் வந்து தூக்கிக்கொண்டு, ‘உமக்கு விற்றது வாசனையை மட்டுமே’ என்றால் பொறுப்போமா? 2014-இல் வெளியான ‘தி க்ரூ’ என்னும் கார்ப் பந்தய விளையாட்டின் சர்வர்களை யூபிசாஃப்ட் நிறுவனம் 2024 மார்ச் 31-இல் நிறுத்த, தனித்து விளையாடுவோருக்கும் அது பயனற்றுப் போகவே, ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ என்னும் இயக்கம் தோன்றி, ஐரோப்பாவில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பிரஜைகளின் கையொப்பங்களைத் திரட்டிற்று. கலிபோர்னியாவிலோ, விற்பது லைசென்ஸே என்பதை வாங்குமுன் தெளிவாக அறிவிக்க வேண்டுமென்ற சட்டம் 2025 முதல் அமலில் இருக்கிறது.

நம் நாட்டில், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், எதிர்த்தரப்பு எங்கிருப்பினும், நுகர்வோர் வசிக்கும் இடத்திலோ தொழில் செய்யும் இடத்திலோ வழக்குத் தொடர உரிமை அளிப்பதால், பாறசாலையில் குடியிருந்து மார்த்தாண்டத்தில் தொழில் நடத்துவோர் திருவனந்தபுரம், நாகர்கோவில் ஆகிய இரண்டில் எந்த மாவட்ட ஆணையத்தையும் நாடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரையில் கட்டணமும் இல்லை. ரசீதையும் விளம்பர வாசகத்தையும் பத்திரப்படுத்தி, முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் புகார் செய்யுங்கள். தொகை சிறிதென்று நாம் வாளாவிருப்பதே அவர்களுடைய மூலதனம்.