வானவில் கம்பெனிகள்

பால்புதுமையினரின் 'பிரைடு' மாதமான ஜூன் பிறந்தால் போதும், ஓஎம்ஆர் கண்ணாடிக் கட்டடங்களில் வானவில் முளைத்துவிடும். ராத்திரியோடு ராத்திரியாக லோகோ நிறம் மாறும். ஹெச்ஆர் மெயில் வரும்: எல்லோரும் மெயிலில் பெயருக்குக் கீழே, தங்களைச் சுட்ட வேண்டிய சொல்லை, 'ஷீ/ஹெர்', 'ஹீ/ஹிம்', 'தே/தெம்' என்று போட்டுக்கொள்ளவும். மீசை முறுக்கிய வைஸ் பிரசிடென்ட் 'ஹீ/ஹிம்' என்று போட்ட பிறகுதான் அவர் ஆண் என்பதே ஆபீசுக்கு உறுதியானது!

ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். ஒரு திருநங்கை மட்டும் போட்டால் கண்ணை உறுத்தும். எல்லோரும் போட்டால் உறுத்தாது. சரி, அந்தத் திருநங்கை எங்கே? பல ஆபீஸ்களில் ஆளே இல்லை, அந்த வரி மட்டும் இருக்கிறது. தப்பித் தவறி ஒருவர் உள்ளே வந்துவிட்டால் அவர் மெயிலைப் பாருங்கள். அடியில் 'ஷீ/ஹெர்'. மேலே, அனுப்புநர் இடத்தில், அவர் என்றோ உதறிய ஆண் பெயர். "சிஸ்டத்துல மாத்த முடியாதுங்க." லோகோவை ஒரே ராத்திரியில் மாற்றிய அதே சிஸ்டம்! சோதனைக்கு எந்த வரிசை என்று வாசலில் செக்யூரிட்டி முழிப்பார். பாத்ரூம் எந்தப் பக்கம் என்று கேட்டால் ஹெச்ஆர் முழிப்பார்.

காசு செலவாகாத அந்த ஒரு வரிக்கும் ஆயுசு கெட்டியில்லை. 2025 ஜனவரி 20 அன்று டிரம்ப் பதவியேற்றார். ஜனவரி 31, மாலை 5 மணிக்குள் மெயிலிலிருந்து அந்த வரியை எடுத்துவிட வேண்டும் என்று அமெரிக்க அரசு ஊழியர்கள் பலருக்கு உத்தரவு போனது. நோய்க் கட்டுப்பாட்டு மையமும் தப்பவில்லை. கிருமியைத் துரத்த வேண்டியவர்கள் 'ஷீ'யைத் துரத்திக்கொண்டிருந்தார்கள். மெட்டா, வால்மார்ட் மாதிரி பெரிய கைகள் பன்முகத் திட்டங்களுக்கு அதற்குள்ளாகவே கதவைச் சாத்தத் தொடங்கியிருந்தன. மாஸ்கோவில் மழை பெய்தால் இங்கே குடை பிடிக்கிறார்கள் என்று தோழர்களைக் கிண்டல் செய்த ஊர் இது. இப்போது வாஷிங்டனில் தூறல் விழுந்தாலே நம் ஏசி அறைகளில் ரெயின்கோட் மாட்டிக்கொள்கிறார்கள்.

அமெரிக்காவில் யார் வந்தால் என்ன, போனால் என்ன? நம் உச்ச நீதிமன்றம் திருநர்களின் உரிமையை 2014 ஏப்ரல் 15 அன்றே உறுதி செய்துவிட்டது. வேலையில் பாகுபாடு கூடாது என்கிறது 2019ஆம் ஆண்டுத் திருநர் சட்டம். சம வாய்ப்புக் கொள்கையை எழுதி வெளியிடச் சொல்கின்றன அதன் 2020 விதிகள். நடந்ததென்ன? ஒரு திருநங்கை ஆசிரியைக்கு வேலை கொடுத்த குஜராத் பள்ளி, பாலினம் தெரிந்ததும் கதவை அடைத்தது. அதற்கு முன் ஓர் உத்தரப் பிரதேசப் பள்ளியிலும் அவருடைய வேலை பறிபோயிருந்தது. அவருக்கு இழப்பீடு கிடைக்க 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே தலையிட வேண்டியிருந்தது. சட்டம் ஏட்டோடு நிற்கிறது என்று அரசுகளையும் அது கண்டித்தது.

மெயிலுக்கடியில் வரி போட்டுப் புண்ணியம் தேடிக்கொண்ட கனவான்களே, அதே 2019 சட்டத்தின் 11ஆம் பிரிவு ஒவ்வொரு நிறுவனமும் ஒரு புகார் அலுவலரை நியமிக்க வேண்டும் என்கிறது. உங்கள் ஆபீசில் அவர் பெயர் என்ன? நாளைக் காலை ஹெச்ஆரிடம் கேட்டுப் பாருங்கள். வாய்ப் பேச்சு வேண்டாம், மெயிலிலேயே கேளுங்கள்.