வட்டக்கச்சிக்கு ஜேர்மனி வழியாக

வெள்ளவத்தையில் அறை எடுத்து வேலை பார்க்கிறவனுக்குக் கிளிநொச்சி போவது பெரிய காரியமில்லை. இரவு பஸ் ஏறினால் விடிய முன் இறங்கலாம். அங்குள்ள வட்டக்கச்சி வீட்டுக் கணினிக்குள் கொழும்பிலிருந்தபடியே போவதுதான் கஷ்டம். காணி அனுமதிப் பத்திரத்தின் ஸ்கான் பிரதி அதற்குள் கிடந்ததால் போயே ஆகவேண்டியிருந்தது.

அந்தக் கணினியில் இருப்பது விண்டோஸ் ஹோம். ரிமோட் டெஸ்க்டொப்பில் அது மற்றக் கணினிகளுக்குள் போகும். தனக்குள் ஒருவரையும் எடுக்காது. சரி, காசு கட்டி அதை மாற்றலாம் என்று பார்த்தால் அடுத்து நிற்பது சிம் போட்ட ரவுட்டர். பழைய முறை ஐபி முகவரிகள் உலகத்துக்கே சுமார் 430 கோடிதான். ஆசிய பசிபிக் நாடுகளுக்கான கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. ஆகவே மொபைல் கம்பனிகள் ஒரே முகவரியைப் பலருக்குப் பங்கிடுகின்றன, ஒழுங்கை முழுக்க ஒரே கதவிலக்கம் கொடுத்த மாதிரி. உள்ளேயிருந்து கடிதம் போட்டால் பதில் வரும். வெளியிலிருந்து தானாக வருகிற தபால்காரர் ஒழுங்கை முகப்பில் நின்று முழிக்க வேண்டியதுதான். "3389ஆம் போர்ட்டைத் திறந்துவிடு மச்சான்" என்றான் அறை நண்பன். வீட்டு ரவுட்டரில் திறக்கலாம். கம்பனிக்காரனுடையதை யார் திறப்பது? அதோடு ரிமோட் டெஸ்க்டொப்பின் வாசலான 3389ஐ இணையம் பார்க்கத் திறந்து வைப்பது கள்வருக்கு வெற்றிலை வைத்துச் சொல்வதற்குச் சமம்.

மிச்சம் எனிடெஸ்க் என்கிற மென்பொருள். இரண்டு கணினியும் வெளியே போய் நடுவிலுள்ள ஒரு சேவர் மூலம் ஒன்றையொன்று கண்டுகொள்ளும். அதைச் செய்த கம்பனி 2014இல் ஸ்டுட்காட்டில் தொடங்கியது. இதே வேலை செய்யும் டீம்வியூவரும் ஜேர்மனிதான், 2005. வன்னியில் ஓர் அலுவல் எங்கேயும் சரிவராவிட்டால் கடைசியில் ஜேர்மனியில் இருக்கிற ஆரோ ஒருவர் பார்த்துச் செய்வது புது விசயமில்லை.

"அம்மா, திரையில சிவப்பா ஏதும் தெரியுதோ?"

"மயிலொண்டு நிக்குது."

"அது தங்கச்சி போட்ட படம். அதுக்கு மேல நீட்டு நம்பர் ஒண்டு இருக்கும், வாசியுங்கோ."

வாசித்தார். அது எங்கள் வீட்டு வைஃபையின் கடவுச்சொல். தங்கச்சி எழுதித் திரை ஓரத்தில் ஒட்டி வைத்தது.

ஒருவழியாக உள்ளே போனேன். அடுத்த நாள் போகமுடியவில்லை. அம்மா பிளக்கைக் கழற்றிவிட்டிருந்தார். "ஆளில்லாத இடத்தில என்னத்துக்குக் கறண்ட்?"

இந்தக் கேள்வியோடு வாதாட முடியாது. தொண்ணூறுகளில் வன்னியில் மின்சாரம் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்ட சனம். ஒருவர் சுற்ற, மற்றவர்கள் காதைக் கிட்டக் கொண்டுபோவார்கள். செய்தி முடிந்த கையோடு சுற்றுகிற கையும் நிற்கும். கேட்க ஆளில்லாத வானொலிக்கு எவரும் பெடல் சுற்றியதில்லை. அப்படிக் கறண்டைக் கையால் அளந்தவரிடம், கொழும்பிலிருந்து மகன் எந்நேரமும் எட்டிப் பார்க்கக்கூடும், இரவு பகலாகக் கணினியை விட்டு வையுங்கோ என்றால் எடுபடுமா? ஐப்பசி இடிக்கு வேறு வீட்டில் ஒரு பிளக்கும் கொழுவியிருக்காது. அதில் அம்மாவின் பக்கம்தான் நியாயம்.

கறண்ட் வந்ததும் கணினி தானாக எழும்பும்படி பயோஸில் ஓர் அமைப்பு உண்டு. விண்டோஸுக்கு முந்திய திரை என்பதால் எனிடெஸ்க் அங்கே எட்டாது. ஆகவே அம்மா ஒரு கையில் போனைப் பிடித்து வீடியோவில் காட்ட, மறுகையால் அம்புக்குறியை அழுத்த, பாதி நேரம் எனக்குத் தெரிந்தது கூரை ஓடு. அதையும் செய்து முடித்தோம். 2025 பெப்ரவரி 9, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுக்க இருட்டானது. "பாத்தியா, குரங்குகூட நிப்பாட்டிப்போட்டுது" என்றார் அம்மா.

இப்போது ஓர் ஒழுங்கு இருக்கிறது. நான் மிஸ்கோல் கொடுப்பேன். அம்மா பிளக்கைக் கொழுவுவார். போன கிழமை பத்திரத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போது கோல் வந்தது.

"தம்பி, திரையில அம்பு தானா ஓடுது. நீதானே?"

"ஓமம்மா."

"அப்ப கறண்ட் பில்லையும் கட்டிப்போட்டு வெளியில வா."