அடைப்புக்குறி அண்ணன்

எங்கள் பக்கத்துக் கல்யாணப் பத்திரிகைகளில் பெயருக்குப் பின்னால் வரும் பட்டங்களைப் படிப்பது எனக்கொரு பொழுதுபோக்கு. எம்.காம்., எம்.ஃபில்., என்று போய், கடைசியில் (பிஎச்.டி.,) என்று ஓர் அடைப்புக்குறி நிற்கும். பட்டம் கிளம்பிவிட்டது, வழியில் வந்துகொண்டிருக்கிறது, பெண் வீட்டார் பொறுத்தருள வேண்டும் என்று அதற்குப் பொருள். அண்ணன் அந்த அடைப்புக்குறியோடுதான் மாப்பிள்ளையானார். போன தை மாதம் அவர் மகளின் பூப்பு நன்னீராட்டு விழாவுக்குப் பத்திரிகை வந்தது. அடைப்புக்குறி அதே இடத்தில் இருந்தது.

அண்ணன் ராசிபுரம் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் வணிகவியல் வாத்தியார். இவரைப் போல ஒன்றியத்துக்கு நாலு பேர் இருப்பார்கள். 1997இல் சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் வந்த பிறகு, முனைவர் பட்டத்துக்காகச் சென்னைக்கும் கோவைக்கும் மூட்டை கட்டுகிற வேலை மிச்சமாயிற்று. அண்ணன் எங்கே பதிந்திருக்கிறார் என்று மட்டும் கேட்காதீர்கள். பதிந்து, காலாவதியாகி, மறுபடி பதிந்து, அவருக்கே நினைவில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிப்படி குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு. அண்ணன் அந்த ஆறை ஓடுகிற ஆறு என்று எடுத்துக்கொண்டுவிட்டார்.

அவருக்குத் தலைப்புக்குப் பஞ்சமே கிடையாது. முன்னால் ‘எ ஸ்டடி ஆன்’, நடுவில் ‘சாட்டிஸ்ஃபேக்‌ஷன்’, வாலில் ‘வித் ஸ்பெஷல் ரெஃபரன்ஸ் டு நாமக்கல் டிஸ்ட்ரிக்ட்’. மிச்சமிருக்கும் ஓட்டையில் மாவட்டத்தில் கிடைக்கிற எதையும் சொருகலாம். முதலில் முட்டை வாங்குகிறவர்களின் திருப்தி. அப்புறம் குமாரபாளையம் விசைத்தறிக்காரர்களின் திருப்தி. அதற்கப்புறம் திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் உரிமையாளர்களின் திருப்தி. அந்த வண்டிகள் நாடு முழுக்கப் பூமியைத் துளைத்துக்கொண்டிருப்பதால், ஸ்பெஷல் ரெஃபரன்ஸுக்கு உரியவர்கள் ஒருவரும் நாமக்கல் டிஸ்ட்ரிக்டில் இல்லை. பிறகு சேலத்து வெள்ளிக் கொலுசு. “கல்யாணத்துல போட்ட கொலுசோட சரி, என் திருப்திய எந்தச் சாப்டர்ல எழுதப் போறீங்க?” என்று அண்ணி கேட்ட அன்றிரவே அந்தத் தலைப்பு கைவிடப்பட்டது.

சேலம் ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த செய்தி பேப்பரில் வந்தது. அண்ணன் காபியைப் பாதியில் வைத்துவிட்டு, பழைய சினாப்சிஸில் முட்டை இருந்த இடத்திலெல்லாம் ஜவ்வரிசியை ஏற்றினார். இந்தத் தடவை, ஜவ்வரிசி மில்லுக்கு மரவள்ளி என்கிற குச்சிக்கிழங்கு போடுகிற விவசாயிகளின் திருப்தி.

ஒப்புமைச் சோதனை என்று ஒன்று இருக்கிறதே என்றேன். 2018 விதிப்படி பத்து சதவீதம் வரைதான் பொறுப்பார்கள். அண்ணன் அதற்கும் வழி வைத்திருந்தார். ஆங்கிலப் பத்தியைக் கம்ப்யூட்டரில் போட்டுத் தமிழாக்கி, தமிழை மறுபடி ஆங்கிலமாக்கினால் வாசகம் மாறிவிடுமாம். முட்டைக் காலத்தில் இப்படிச் செய்துதான் ‘லேயர் ஃபார்ம்’ எல்லாம் ‘அடுக்குப் பண்ணை’ ஆகித் திரும்பிப் போயிருந்தது. கைடு படித்துவிட்டு, நாமக்கல்லில் மாடி வைத்த கோழிப்பண்ணை எப்போது வந்தது என்று கேட்டாராம்.

மாதிரி எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள். தூக்கத்தில் எழுப்பினாலும் 384 என்பார். 1970இல் கிரெஜ்சியும் மார்கனும் போட்ட அட்டவணையில் பத்து லட்சம் பேருக்கு நேராக அந்த எண் இருக்கிறது. 1.96இன் வர்க்கத்தைக் கால் பங்காக்கி, 0.05இன் வர்க்கத்தால் வகுத்தால் 384.16 வரும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தடவை, ஐந்து சதவீதத்துக்கு மேல் பிசகாமல் ஊர் நிலவரத்தைச் சொல்லலாம் என்பது கணக்கு. ஆனால் அந்த 384 பேரும் குலுக்கிப் போட்டு எடுத்ததுபோல் வந்திருக்க வேண்டும். அண்ணனுடைய 384 வேறு ரகம். இரண்டாமாண்டு பி.காமில் நாற்பத்தெட்டுப் பிள்ளைகள், தலைக்கு எட்டுப் படிவம், நிரப்பாமல் வந்தால் இன்டர்னல் மார்க்குக்கு அவர் பொறுப்பில்லை. மறுநாள் காலை கட்டு கட்டாக வந்து சேர்ந்தது. ஒரு கட்டை வாங்கிப் புரட்டினேன். எட்டு விவசாயிகளும் ஒரே பச்சைப் பேனா வைத்திருந்தார்கள். எட்டுப் பேருக்கும் ‘கிழங்கு’ என்று எழுதும்போது ‘ங்’ விட்டுப்போகிற பழக்கம் இருந்தது.

இதில் எனக்கு ஆச்சரியம், ஐந்தாம் அத்தியாயம்தான் முதலில் முடிந்திருந்தது. ‘அரசு மானியம் வழங்க வேண்டும். விழிப்புணர்வு முகாம் நடத்த வேண்டும்.’ பரிந்துரை தயார், எதற்குப் பரிந்துரை என்பதைத்தான் இனித் தேட வேண்டும். கமிட்டிக்கு வந்திருந்த வெளியூர்ப் பேராசிரியர், “தலைப்பு இருக்கட்டும். உங்களுக்கு இதுல என்ன தெரியல?” என்று கேட்டாராம். “எனக்கு எல்லாம் தெரியும் சார்” என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். ஒரு திட்ட அறிக்கையைக் கொல்ல அந்த ஒரு வாக்கியம் போதும் என்பது இன்றுவரை அவருக்கு உறைக்கவில்லை.

படிவம் எல்லாம் பச்சைப் பேனாவாக இருப்பது உறுத்தியதால், ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு படிவத்தையாவது நேரில் நிரப்பலாம் என்று என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆத்தூர் சாலையில் போனார். மங்களபுரம் தாண்டி ஒரு குச்சிக்கிழங்குக் காடு. பெரியவர் ஒருவர் வரப்பு வெட்டிக்கொண்டிருந்தார்.

“இது அஞ்சு பாயிண்ட் ஸ்கேலுங்க ஐயா” என்று ஆரம்பித்தார் அண்ணன். 1932இல் லைக்கர்ட் என்ற அமெரிக்கர் கொண்டுவந்த முறை என்றும் சேர்த்துக்கொண்டார். “மில்லுக்காரங்க உங்ககிட்ட நடந்துக்கறதுக்கு அஞ்சுல எத்தனை பாயிண்ட் போடுவீங்க?”

பெரியவர் மம்பட்டியைக் கீழே வைத்தார். “அஞ்சு பாயிண்ட்டா? அஞ்சு பாயிண்ட்டுக் கிழங்க மாடு கூட மோந்து பாக்காதுங்க. நம்முளுது இருபத்தெட்டுக்குக் குறையாது.”

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். சேகோ மில்லில், அதாவது ஜவ்வரிசி மில்லில், கிழங்குக்கு எடையை மட்டும் பார்த்து விலை போடுவதில்லை. மாவுச்சத்து எத்தனை சதவீதமோ அதுதான் பாயிண்ட். லோடிலிருந்து கொஞ்சம் கிழங்கை எடுத்து, மண்ணைப் போக்கி, தண்ணீருக்குள் தொங்கவிட்டு எடை பார்ப்பார்கள். மாவு கூடுதலாக உள்ள கிழங்கு தண்ணீரிலும் கனமாக நிற்கும். ஒரு பாயிண்டுக்கு இவ்வளவு என்று ரேட்டு. ஒரு பாயிண்ட் இறங்கினால் லோடு முழுக்க இறங்கும்.

“நம்ம காடு ஒன்னு. முள்ளுவாடி ரகம். ஒரே நாள் புடுங்குனது. ரெண்டு வண்டி, ரெண்டு மில்லு. ஒருத்தர் இருபத்தெட்டுங்கறாரு, இன்னொருத்தர் இருபத்தஞ்சுங்கறாரு. கிழங்கு பொய் சொல்லாதுங்களே. அப்ப தராசு சொல்லுதா, ஆளு சொல்றாரா, இல்ல மேக்கால மண்ணுல வெளஞ்சதும் கெழக்கால மண்ணுல வெளஞ்சதும் நெசமாவே வேறயா? படிச்சவங்க அதப் பாத்துச் சொன்னா நல்லாருக்கும்.”

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அண்ணன் இத்தனை வருஷமாக எழுத முடியாத சினாப்சிஸை ஒரு மனிதர் கோவணத்தோடு வரப்பில் நின்று சொல்லி முடித்துவிட்டார். தெரியாதது எது என்று சொன்னார். ஒன்றுக்கு மூன்று கருதுகோள் வைத்தார். மூன்றாவது அவருக்கே பாதகமானது, அதையும் மறைக்கவில்லை. ரகம், காடு, நாள் மூன்றையும் மாறாமல் பிடித்துவைத்திருந்தார். கிழங்கு வெளியே கிடந்தால் இரண்டு மூன்று நாளில் கெட ஆரம்பித்துவிடும் என்பதால் நாள் முக்கியம் என்று அவருக்கு எந்த மெத்தடாலஜிப் புத்தகமும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அண்ணன் என்ன குறித்துக்கொள்கிறார் என்று எட்டிப் பார்த்தேன். ‘நடுநிலை’ என்ற கட்டத்தில் டிக் அடித்திருந்தார்.

திரும்பும்போது வண்டிச் சத்தத்துக்கு மேலே கத்திச் சொன்னேன். “அண்ணா, இதுதான் உங்க ஆய்வு. ஒரே காட்டுக் கிழங்கைப் பங்கு போட்டு நாலஞ்சு மில்லுக்கு அனுப்புங்க, ஒரு பங்கை லேப்புக்கு அனுப்புங்க. வித்தியாசம் வருதான்னு பாருங்க. வரலைன்னாலும் அது ஒரு முடிவுதான்.”

ஒரு மைல் தூரம் பேசவில்லை. யோசிக்கிறார் என்று நினைத்தேன்.

“நல்லாத்தான் இருக்கு மாப்ள. ஆனா மில்லுக்குள்ள நம்மள விடுவாங்களா?”

நியாயமான கேள்வி. நடக்குமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது திட்டமிடுவதில் பாதி. அண்ணன் வாயிலிருந்து வந்த முதல் ஆய்வுக் கேள்வி என்று மனசுக்குள் குறித்துக்கொண்டேன். அதற்குள் அடுத்ததும் வந்தது.

“அப்புறம், இதுல 384 எங்க வருது?”

பத்து நாள் கழித்துப் பெரியவர் என் போனுக்குக் கூப்பிட்டார். “வர்ற வெள்ளிக்கிழம மிச்சக் காடு புடுங்கறோம் சார். ஒரே குவியல்ல நல்லாக் கலந்து நாலாப் பிரிச்சிரலாம்னு பாக்கறேன். எம் பேர்ல ஒன்னு, மச்சாம் பேர்ல ஒன்னு, பக்கத்துக் காட்டுக்காரங்க பேர்ல ரெண்டு. நாலும் நம்ம காட்டுக் கிழங்குதான்னு மில்லுக்குத் தெரியாமப் போனாத்தானுங்களே நெசம் தெரியும்? அந்த வாத்தியாரு வந்து எழுதிக்கிட்டா ஒரு சாட்சியா இருக்கும்.”

உடனே அண்ணனுக்குப் போன் போட்டேன். பின்னால் அச்சு இயந்திரம் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. படிவம் இன்னும் நூறு அடிக்கிறார்களாம். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

“அவரா? நல்லவேள ஞாபகப்படுத்துன மாப்ள. அந்த ஆளு படிவத்துல வயசு எழுதவே இல்ல. மறுபடி கூப்பிட்டா மறக்காமக் கேட்டு வை. வயசுக்கும் திருப்திக்கும் சம்பந்தம் இல்லேங்கறதுதான் நம்ம முதல் கருதுகோளே.”