கடல் பொது, கல்லா தனி

1609-ல் ஹாலந்தில் ஒரு வக்கீல், பெயர் போடாமல் ஒரு குட்டிப் புத்தகம் வெளியிட்டார். கடல் யாருடைய பாட்டன் சொத்தும் இல்லை, யார் வேண்டுமானாலும் கப்பல் விடலாம் என்பதுதான் சாரம். புத்தகத்தின் பெயர் 'சுதந்திரக் கடல்'. எழுதியவர் ஹ்யூகோ குரோஷியஸ். ராஜா கையெழுத்துப் போட்டாலும் போடாவிட்டாலும் செல்லுபடியாகும் இயற்கைச் சட்டம் என்று ஒன்று உண்டு என வாதாடிய மனிதர். பின்னால் வந்த அறிவொளிக்கால தத்துவவாதிகள் உரிமை, ஒப்பந்தம் என்று எழுப்பிய மாளிகைக்கு அஸ்திவாரம் தோண்டியவர்களில் இவரும் ஒருவர்.

கேட்கவே புல்லரிக்கிறது. ஆனால் வக்கீல் நியாயம் பேசினால், ஃபீஸ் கொடுத்தது யார் என்று விசாரிப்பது நல்லது. கொடுத்தது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி. 1603-ல் சிங்கப்பூர் பக்கம் 'சாந்தா கத்தரீனா' என்ற போர்ச்சுகீசியக் கப்பலை மடக்கி, சரக்கை ஆம்ஸ்டர்டாமில் ஏலம் விட்டுக் கொழுத்த காசு பார்த்திருந்தார்கள். அது கொள்ளை அல்ல என்று எழுதித்தர ஓர் ஆள் தேவைப்பட்டது. அப்படி எழுதிய பெரிய நூலிலிருந்து உருவிய ஓர் அத்தியாயம்தான் 'சுதந்திரக் கடல்'.

கடல் பொது என்று உலகத்துக்கு அறிவித்த கையோடு கம்பெனி சென்னைக்கு வடக்கே பழவேற்காட்டில் வந்து இறங்கியது. வேலூரிலிருந்து ஆண்ட விஜயநகர ராஜா இரண்டாம் வேங்கடனிடம் அனுமதி வாங்கிக் கிடங்கு போட்டது. 1612-ல் போர்ச்சுகீசியர் வந்து அதை அடித்து நொறுக்கினார்கள். 1613-ல் கெல்டிரியா கோட்டை எழுந்தது. கடல் எல்லாருக்கும் பொதுதான்; பீரங்கி மட்டும் கம்பெனிக்கு. இங்கிருந்து கட்டம் போட்ட துணி கிழக்கே போனது. அங்கே அதைக் கொடுத்தால் கிராம்பும் ஜாதிக்காயும் கிடைக்கும். பஞ்ச காலத்தில் மனிதர்களும் மலிவாகக் கிடைத்தார்கள். அவர்களை அடிமைகளாக வாங்கி பட்டாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) ஏற்றினார்கள். இயற்கைச் சட்டம் அன்றைக்கு லீவில் இருந்தது போலும்.

கோட்டைக்கு கெல்டிரியா என்று பெயர் வந்தது ஹாலந்திலிருக்கும் கெல்டர்லாந்து மாகாணத்தால். 1619-ல் அரசியல் தகராறில் குரோஷியஸுக்கு ஆயுள் தண்டனை விழுந்தது. அவரை அடைத்த லூவெஸ்டைன் கோட்டை இன்றைய வரைபடத்தில் அதே கெல்டர்லாந்தில் இருக்கிறது. இங்கே அவர் கொள்கை உள்ளே போனது, அங்கே அவரே உள்ளே போனார். 1621-ல் அவர் மனைவி மரியா, புருஷனைப் புத்தகப் பெட்டிக்குள் சுருட்டி வைத்து வெளியே அனுப்பிவிட்டார். தத்துவத்தைக் காப்பாற்ற ஒரு பெண்மணியும் ஒரு பூட்டும் போதும்.

அடுத்து ஜான் லாக். இங்கிலாந்து ராஜாவுக்குப் பயந்து அதே ஹாலந்தில் ஒளிந்திருந்தவர், 1689-ல் ஊர் திரும்பி, ஜனங்களின் சம்மதம் இல்லாத ஆட்சி செல்லாது என்று புத்தகம் வெளியிட்டார். அடிமை வியாபாரம் செய்த ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியில் ஒரு காலத்தில் பங்கு வைத்திருந்தவரும் அவரேதான். சம்மதம் அச்சேறிய மறுவருஷம், 1690-ல், டச்சுக்காரர்கள் தலைமையிடத்தைப் பழவேற்காட்டிலிருந்து நாகப்பட்டினத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஊரில் யாரிடமும் சம்மதம் கேட்டதாகத் தெரியவில்லை. 1824-ல் லண்டனில் ஓர் ஒப்பந்தம் போட்டு, ஊரையே பிரிட்டிஷாரிடம் கைமாற்றினார்கள். அப்போதும் கேட்கவில்லை. மிச்சம் இருப்பது வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய டச்சுக் கல்லறைத் தோட்டம். அங்கே எல்லாரும் சமம்.

1748-ல் பிரெஞ்சுத் தத்துவவாதி மாண்டெஸ்கியூ, சீட்டுப் போட்டு ஆளைப் பொறுக்குவதுதான் ஜனநாயகத்தின் குணம் என்றார். 1762-ல் ரூசோவும் ஆமாம் சாமி போட்டார். அந்தப் புத்தகங்களைப் புரட்டாமலே பழவேற்காட்டு ஏரியில் அதுதான் நடைமுறை. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதா குப்பத்துப் பட்டினவ மீனவர்கள் அதைப் 'பாடு' என்பார்கள். முகத்துவாரத்தை ஒட்டி இறால் அள்ளுகிற இடம் ஒன்று, வெறும் சேறு அள்ளுகிற இடம் ஒன்று. யார் எங்கே வலை கட்டுவது என்பதைச் சீட்டும் முறையும் தீர்மானிக்கும். இன்றைக்கு நல்ல இடம் உனக்கு, அடுத்த முறை எனக்கு. மீறினால் ஊர்ப் பஞ்சாயத்தில் அபராதம். அதிகாரத்தை மூன்றாகப் பிரிக்கச் சொன்ன மாண்டெஸ்கியூ, இறாலைப் பிரிக்கும் வித்தையை இங்கே வந்து கற்றிருக்கலாம்.

உடனே காலரைத் தூக்கிவிட வேண்டாம். 'பாடு' முறையில் பங்கு கல்யாணமான பட்டினவ ஆணுக்கு, அவன்தான் தலைக்கட்டு. கூடை சுமந்து மீன் விற்கும் அவன் மனைவி கணக்கில் இல்லை. மார்பளவுத் தண்ணீரில் கையால் தடவி இறால் பிடித்து, பல்லில் கவ்விய பறியில் போடும் இருளர் பெண்ணும் இல்லை. உத்திரமேரூரில் பத்தாம் நூற்றாண்டிலேயே குடத்தில் சீட்டுப் போட்டு ஆளைத் தேர்ந்தெடுக்கும் குடவோலை இருந்ததே என்று மீசை முறுக்குவோரும் கல்வெட்டை முழுக்கப் படிக்க வேண்டும்: குடத்தில் பெயர் விழ நிலம் வேண்டும், சொந்த மனை வேண்டும், வேதம் தெரிய வேண்டும்.

எல்லா ஊர் சமத்துவமும் இப்படித்தான். கண்டுபிடித்தவர்கள் முதல் பந்தியில் தங்களுக்கு இலை போட்டுக்கொண்டு கதவைச் சாத்தினார்கள். மற்றவர்கள் கதவை இடித்து இலை வாங்கினார்கள். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவத்தைப் பிரெஞ்சுப் புரட்சியிடம் கடன் வாங்கவில்லை, புத்தரிடமிருந்து எடுத்தேன் என்று 1954-ல் அம்பேத்கர் வானொலியில் சொன்னது சும்மா இல்லை. 1950-ல் வந்த அரசியலமைப்பு நிலம் கேட்கவில்லை, வேதம் கேட்கவில்லை, தலைக்கட்டும் கேட்கவில்லை. 21 வயதானால் ஓட்டு என்றது. பிறகு 18 ஆனது.

முதல் பொதுத்தேர்தல் 1951-52. ரூசோ பிறந்த ஜெனீவா மாநிலத்தில் பெண்களுக்கு ஓட்டு கிடைத்தது 1960-ல். அதாவது ரூசோவின் ஊர்க்காரிக்கு முன்பே பழவேற்காட்டு மீன்காரிக்கு ஓட்டு வந்துவிட்டது. 'பாடு' முறையில் பங்கு மட்டும்தான் பாக்கி. அதற்கு என்ன அவசரம் என்று கேட்பவர்கள், மார்க்கெட்டில் அரிவாள்மனைக்கு எதிரே நின்று அவளிடமே கேட்கலாம்.